ஒரு சாவுக்கு ஒரு முழுப் புத்தகம்

1

பெங்களூரில் இருப்பவள் தன்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆரணியில் காலை டிபனை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அல்சூர் வந்து சேர்ந்துவிடலாம். பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை, பனி கொட்டுவதில்லை, முருங்கைக்கீரை கிடைக்கிறது. டொரண்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகள் போனில் தன் பாட்டைச் சொல்லி முடித்ததும், "உனக்கென்னடி, பக்கத்து வீடு மாதிரி ஊரு" என்பாள்.

பக்கத்து வீடுதான். ஆனால் அந்த வீட்டில் வேறு பாஷை பேசுகிறார்கள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், வீடு கூட்ட வந்த அம்மாவிடம் மூலையில் அழுக்கு இருப்பதைக் கன்னடத்தில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அழுக்குக்குக் கன்னடத்தில் ‘கொளெ’ என்று முந்தின நாள்தான் கேட்டு வைத்திருந்தேன். என் ஆரணி நாக்குக்கு ல, ள எல்லாம் ஒரே தாயாதி. மூலையைக் காட்டி, "இல்லி கொலெ இதெ" என்றேன். இங்கே கொலை இருக்கிறது. அந்த அம்மா துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடி, வீட்டு ஓனரிடம் சொல்லிவிட்டாள்.

படியேறி வந்தவர்தான் வசந்தாக்கா. அப்போது அவருக்கு என் இப்போதைய வயது இருக்கும். அரசாங்க அலுவலகத்தில் வேலை, காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூலைக்குப் போய், குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"பாடி எங்க?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. புது ஊர், புது மாப்பிள்ளை, வாயைத் திறந்தால் தப்பு. அவர் என்னைக் கீழே அழைத்துப்போய்க் காப்பி கொடுத்து, கொலெ, கொளெ இரண்டையும் பத்துத் தடவை சொல்லவைத்தார். நான் கிளம்பும்போது அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கையில் திணித்தார். "கொலை மேல அவ்ளோ ஆசை இருந்தா இதைப் படி. டிக்‌ஷனரி வேணும்னா அதையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

பெங்களூரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதம் இப்படித்தான் தொடங்கியது.

2

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தாக்காவின் குடும்பம் அல்சூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அப்பா பழைய மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். வெள்ளைக்காரர்கள் கண்டோன்மெண்ட் வீடுகளைக் காலி செய்து கப்பலேறிய காலத்தில், மேஜை நாற்காலிகளை ஏலம் விட்டார்களாம். எல்லோரும் கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும் போட்டி போட, அவர் யாரும் சீண்டாத புத்தகக் கட்டுகளை எடுத்து வந்தார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் துப்பறியும் நாவல்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இங்கிலாந்தில் மழைக்குக் காளான் முளைத்தமாதிரி வந்த வகை. ஒரு கிராமம், ஒரு பெரிய வீடு, விருந்துக்கு வந்தவர்கள், காலையில் நூலக அறையில் ஒரு பிணம். முதல் பக்கத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் பெயர் அழகான கையெழுத்தில் இருக்கும்.

அந்தப் புத்தகங்களைப் படித்தே வளர்ந்தவர்கள் வசந்தாக்காவும் அவருடைய தம்பி ரகுநாதனும். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ரகு சார் செய்துகொண்டார், ஆனால் அந்த அம்மா சீக்கிரமே நோயில் போய்விட்டார்கள். பிறகு அக்காவும் தம்பியும் அதே வீட்டில், மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலி. இருவரும் வாசிப்பார்கள். நடுவில் சண்டை வரும். கொலை செய்தது வக்கீலா, மருமகனா என்று தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்துக்குத் தாவி, கோபம் ஏறினால் ஆங்கிலத்தில் முடியும்.

நான் அந்த முதல் புத்தகத்தைப் படிக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. ஆரணியில் தமிழ் மீடியத்தில் படித்து, லேப் டெக்னீஷியன் டிப்ளமா வாங்கியவள் நான். எனக்கு ரத்தச் சிவப்பணுவுக்கு ஆங்கிலம் தெரியும். சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் அறைக்கு இங்கிலாந்தில் தனிப் பெயர் இருப்பது தெரியாது. அதையெல்லாம் கற்றுக்கொண்டேன். கற்றதை எங்கே பயன்படுத்துவது என்றுதான் தெரியவில்லை. இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலைக்கு இன்டர்வியூ போனபோது, ராத்திரி டியூட்டி பார்க்க முடியுமா என்று டாக்டரம்மா கேட்டார்கள். பார்க்கலாம் என்பதற்கு, நாவலில் துரைமார் சொல்வதுபோல நான் "ஐ டேர் ஸே, மேடம்" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். வேலை கிடைத்தது. ஆனால் பல வருஷம் அந்த லேபில் எனக்கு ‘லார்டு மேடம்’ என்றுதான் பெயர்.

லேபில் சேர்ந்த பிறகு இந்த நாவல்களை வாசிப்பதில் எனக்குத் தனி சுகம் ஒன்று சேர்ந்துகொண்டது. விஷம் வரும் பக்கம் எல்லாம் எனக்குச் சிரிப்பு. காலையில் செத்தவனுக்கு மாலைத் தேநீருக்குள் ரிசல்ட் வந்துவிடும். சாம்பிள் சிந்தாது, லேபிள் மாறாது, மெஷின் ரிப்பேர் ஆகாது. ஒரு டாக்டர் கோப்பையை மோந்து பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார். நான் கீழே போய் இதைச் சொன்னால் ரகு சார், "உங்க லேப்ல ஒருத்தராவது டை கட்டிட்டு வேலை செய்றாங்களாம்மா? அதான் ரிசல்ட் லேட்டு" என்பார்.

3

ஏன் பிடித்தது என்று இப்போது யோசித்தால், ஊர்விட்டு ஊர் வந்தவளுக்கு அந்த நாவல்களில் ஒரு சௌகரியம் இருந்தது என்று தோன்றுகிறது. ஆரணியில் எதிரே வருகிறவர் யார் வீட்டு ஆள், யாருக்கு என்ன உறவு என்று எனக்குத் தெரியும். இங்கே பஸ்ஸில் தோளோடு தோள் உரசி நிற்கிறவர்களில் ஒருவரையும் தெரியாது. அந்தப் புத்தகங்களிலோ மூன்றாம் அத்தியாயத்துக்குள் அத்தனை பேரையும் அறிமுகப்படுத்திவிடுவார்கள். தேவைப்பட்டால் வீட்டின் வரைபடம்கூட இருக்கும். வெளியே மழை, உள்ளே அடுப்பு, மேஜையில் கேக். இதற்குள் ஒருவர்தான் கெட்டவர். மற்றவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்படி ஒரு உத்தரவாதத்தை எந்த ஊரும் எனக்குத் தந்ததில்லை.

என் மகள் யாழினிக்கு இந்தப் பிரியம் ஒட்டவில்லை. அவள் இங்கேயே பிறந்தவள், இப்போது காலேஜ். சிநேகிதிகளோடு கன்னடம், போனில் ஆங்கிலம், என்னோடு பசித்தால் தமிழ். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. ஆகவே இங்கே அவளைப் பற்றி நான் தைரியமாக எழுதலாம். என் வற்புறுத்தலுக்காக ஒரு புத்தகத்தைப் பாதிவரை படித்துவிட்டு வந்து, "அம்மா, இதுல நம்ம ஆளுங்க எங்க இருக்காங்க தெரியுமா? இண்டியாலேந்து ரிட்டயராகி வந்த கர்னல் கொண்டுவந்த புலித்தோல். அவ்ளோதான் நம்ம ரோல்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தப் புத்தகங்களில் வேலைக்காரிகளுக்குப் பாதி நேரம் பெயர்கூட இருக்காது. வெளிநாட்டுக்காரன் வந்தால் அவன்மேல்தான் முதல் சந்தேகம். வீடு கூட்டும் அம்மாவையே பயமுறுத்தி அனுப்பிய வெளியூர்க்காரி நான். இது எனக்குப் புரியாமல் இருக்குமா. ஆனாலும் விட முடியவில்லை. வசந்தாக்காவிடம் போய் மகள் இப்படிச் சொல்கிறாள் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். யாழினி சொன்னது சரி என்றார். அவருக்கே இதெல்லாம் பிடிக்காமல் சில புத்தகங்களை மறுபடி தொடுவதில்லை என்றார். பிறகு, இதை வாசித்தவர்கள் யார் என்று நினைத்துப்பார் என்றார். முதல் உலகப் போரில் அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பையன் செத்திருக்கிறான். பலருக்கு உடம்பு வரவில்லை. எங்கே, எப்படி, எதற்கு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அது முடிவதற்குள் விஷக் காய்ச்சல் வந்து வாரிக்கொண்டு போயிருக்கிறது. அப்படிச் சாவைப் பார்த்துச் சலித்தவர்கள்தான் நாற்காலியில் உட்கார்ந்து இந்த நாவல்களைப் படித்திருக்கிறார்கள்.

"இதுல பாரு மலர், செத்தவன் ஒருத்தன்தான். அவனும் நல்லவன்கூட இல்ல. ஆனா அவன் எப்படிச் செத்தான்னு தெரிஞ்சுக்க முந்நூறு பக்கம் முழுக்க எல்லாரும் அலையறாங்க. மழையில நடக்கறாங்க. தோட்டக்காரனைக் கேக்கறாங்க. ஒரு சாவுக்கு ஒரு முழுப் புத்தகம். எவ்ளோ மரியாதை."

அன்று அதை ஒரு நல்ல பேச்சு என்று மட்டும்தான் நினைத்தேன்.

4

கொரோனாவின் இரண்டாவது அலையில் ரகு சாருக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்ஸ் பிடித்து, இடம் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வேலை பார்க்கும் இடத்தில் படுக்கை இல்லை. உள்ளே யாரையும் விடவில்லை. அவர் கேட்டுக்குள் போகும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். வண்டியிலிருந்து இறக்கியதில் அவருடைய மூக்குக் கண்ணாடி எங்கோ விழுந்து உடைந்துவிட்டிருந்தது.

வசந்தாக்காவுக்கும் காய்ச்சல், வீட்டிலேயே தனியாகப் படுத்திருந்தார். நான் லேபிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கஞ்சியை அவர் அறை வாசலில் வைப்பேன். ரகு சார் ஒரே ஒரு தடவை போன் செய்தார், வார்டில் யாருடைய போனிலிருந்தோ. முகமூடி வழியாகப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. கேட்டதை அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து எனக்குச் சொன்னார். "பயப்படாத, ஆனெ நல்லாப் பாத்துக்குதுன்னான். ஆனென்னா யானை. யானை எங்கேந்துடி வந்துது ஆஸ்பத்திரில?" இருமிவிட்டு மறுபடி சொன்னார். "அவனுக்கு நினைவு தப்பிட்டுது மலர்."

அதற்குச் சில நாளில், ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ ஒருவர் கன்னடத்தில் மரியாதையான சொல் ஒன்றைச் சொல்லி, ரகுநாதன் போய்விட்டார் என்றார். என் வீட்டுக்காரர்தான் போனார். ஊருக்கு வெளியே இருந்த சுடுகாட்டில் வண்டிகள் வரிசையில் நின்றன. உறையிட்ட உடம்பைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தார். அக்கா பார்க்கவேயில்லை.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் அக்கா புத்தக அலமாரியைப் பூட்டினார். வராந்தாவின் ஒரு நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டார். மற்றபடி அழவில்லை, யாரிடமும் புலம்பவில்லை. காப்பி போட்டார், செடிக்குத் தண்ணீர் விட்டார், என் மகளின் கன்னடப் பாடத்தைத் திருத்தினார். ஒரு நாள் நான் மெதுவாக, ஏதாவது படிக்கலாமே அக்கா என்றேன்.

"எல்லாப் புத்தகத்துலயும் கடைசில யாரோ ஒருத்தர் எல்லாரையும் உக்காரவெச்சு நடந்ததைச் சொல்றாங்க. எனக்கு யாரும் சொல்லல. இனிமே அதைப் படிக்க என்னால ஆகாது."

5

இந்த வருஷம் ரகு சாரின் திதி அன்று, ஐயர் போனபிறகு, நான் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றார். எப்படிக் கேட்பது என்று நெடுநாள் யோசித்து வைத்திருந்தவரைப்போல ஒரே மூச்சில் கேட்டார். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறவள், உனக்கு வழி தெரியும். அவன் எதனால் செத்தான் என்பது தெரியும், அது வேண்டாம். அப்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

"யாரு கூட இருந்தாங்கன்னு கண்டுபிடி மலர். யாருமே இல்லன்னா, இல்லன்னு சொல்லு. தாங்கிப்பேன்."

அந்த ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். முதலில் விசாரணைக் கவுண்டர், அங்கிருந்து பில்லிங், அங்கிருந்து பழைய ஆவணங்கள் பிரிவு. அது கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறை. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் கன்னடத்தில் அதிகாரியிடம் பேசுவதென்றால் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா, இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். ‘ஏனாகபேகு’ என்பார்கள்; நம் ஊரில் என்ன ஆகணும் என்று கேட்பதைப்போலவே. எனக்கு அவர் என்ன ஆகணும் என்பதற்குக் கன்னடத்தில் மட்டுமல்ல, தமிழிலும் சொல் கிடைக்கவில்லை. "ஓனர்" என்றேன். வாடகைக்காரரைத் தேடி ஓனர் வந்துதான் பார்த்திருக்கிறேன் என்று அவர் சிரித்தார். சிரித்தபிறகு கொஞ்சம் இளகினார்.

அக்காவின் கையெழுத்தும் அடையாள அட்டையும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார்கள். அதையும் சரிசெய்து கொண்டுபோனேன். கடைசியில் கணினியில் வந்ததை எனக்குப் படித்துக் காட்டினார். இதயமும் மூச்சும் நின்றது என்று இருந்தது. யார் செத்தாலும் நிற்பது அவை இரண்டும்தானே. அந்த வார்டில் அப்போது யார் இருந்தார்கள் என்று கேட்டேன். நான் அழவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மா தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவைத்தார். அப்போது இருந்த நர்ஸுகளில் ஒருவரும் இப்போது இல்லை என்றார். ஓடி ஓடி வேலை பார்த்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். கேரளாவுக்குத் திரும்பியவர்கள், துபாய் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள். பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, அவளும் ஊரோடு போய்விட்டாள்.

பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஆனேக்கல். முகமூடிக்குப் பின்னாலிருந்து, இரைச்சலுக்கு நடுவில், மூச்சு முட்டிக்கொண்டு ஒருவர் ‘ஆனேக்கல் பொண்ணு நல்லாப் பாத்துக்குது’ என்று சொன்னால், காய்ச்சலில் கிடக்கும் அக்காவின் காதில் என்ன விழும்?

அந்தப் பெண்ணின் பெயர் தேன்மொழி. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கிறாள் என்றார் அந்த அம்மா. தானே போன் போட்டு, இப்படி ஒருவர் வருவார், பேச விருப்பமா என்று கேட்டும் கொடுத்தார். தேன்மொழி மறுமுனையில் ரகுநாதன் சார் என்ற பெயரைக் கேட்டதும், உடனே வரச் சொல்லுங்கள் என்றாளாம்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் முதலில் யானையைத்தான் சொன்னேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். "நினைவோடதான் இருந்தானா?" என்று கேட்டார். அதையே இன்னொரு தடவையும் கேட்டார்.

6

தம்பி போனபிறகு அக்கா கோயிலைத் தாண்டி எங்கும் போனதில்லை. அன்று காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனேக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன். வழி முழுக்க மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தார்.

தேன்மொழிக்கு முப்பது வயது இருக்கலாம். டியூட்டி முடித்துவிட்டு, எதிரில் இருந்த ஓட்டலின் உள்பக்கத்தில் எங்களுக்காகக் காத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "சார் மாதிரியே மூக்கு" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அவள் சொன்னாள். வார்டில் எல்லோரும் தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்புப் போட்டிருப்பார்கள். யார் யார் என்று அவர்களுக்கே தெரியாது என்பதால் முதுகில் பெயர் எழுதிக்கொள்வார்கள். கண்ணாடி இல்லாத ரகு சாரால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. அவர் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். இரண்டாம் நாளே இவளைக் கூப்பிட்டு, "நீங்க ஆனேக்கல் பக்கம். தமிழ்ல ஆரம்பிச்சு, கன்னடத்துல போய், தெலுங்குல முடிக்கிறீங்க. இடது கைக்காரி. மத்தவங்க எல்லாம் காலை இழுத்து நடக்கறாங்க, நீங்க தூக்கி வெச்சு நடக்கறீங்க. நேத்து அழுதிருக்கீங்க" என்றாராம்.

"அந்த டிரஸ்ஸுக்குள்ள நான் ஒருத்தி இருக்கேன்னு கண்டுபுடிச்சது அவரு மட்டும்தான் மேடம்" என்றாள். "முந்தின நாள் எங்க பெரியம்மா இதே நோயில போயிட்டாங்க. லீவு குடுக்கல. யாருக்கும் தெரியாது."

அதன்பிறகு தினமும் அவள் ஊசி போட வரும்போது அவர் ஒரு கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வாக்கியம், பிறகு ஆக்சிஜன், பிறகு இரண்டு வாக்கியம். பேசக் கூடாது என்று டாக்டர் திட்டியும் கேட்கவில்லை. அவள் அடுத்த முறை வரும்வரை வார்டில் மற்றவர்களிடம் வாயைத் திறக்காமல் மூச்சைச் சேர்த்து வைத்திருப்பாராம்.

கடைசி நாளைப் பற்றி அக்காவாகக் கேட்கவில்லை. தேன்மொழியே சொன்னாள். மத்தியானம். காலையிலேயே அவருக்கு முடியவில்லை என்று தெரிந்துவிட்டது. வென்டிலேட்டர் எதுவும் காலி இல்லை. அவள் தன் டியூட்டி முடிந்தும் போகாமல் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ரெட்டை உறை போட்ட கைதான், ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து, யார் மேல் சந்தேகம் என்று கேட்டார். கதையில் வரும் டாக்டர்மேல் என்று இவள் சொன்னாள். முகமூடிக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு தூங்கினார்.

"வலி?" என்றார் அக்கா.

"இல்ல மேடம். தூக்கத்துலயே. நான் கையை விடல."

அக்கா அப்போதுதான் அழுதார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. இத்தனை வருஷம் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தேன்மொழி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சர்வர் மூன்று காப்பியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் அடங்கியதும் தேன்மொழி தயங்கித் தயங்கி, தனக்கும் ஒன்று கேட்க வேண்டும் என்றாள்.

"அந்தக் கதைல யாரு மேடம் கொன்னது? நான் எத்தனையோ பேரைக் கேட்டுட்டேன். யாருக்கும் அந்தக் கதை தெரியல."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்ன கதை, முதலிலிருந்து சொல்லு என்றார். அவள் சொன்னாள். நந்தி மலை அடிவாரத்தில் ஒரு ஜமீன் பங்களா. விடாத மழை, ஆற்றில் வெள்ளம், பாலம் இடிந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள். ஜமீன்தார் பூஜை அறையில் செத்துக் கிடக்கிறார். ஒரு டாக்டர் பொய் சொல்கிறார். கண் தெரியாத வீணை வாத்தியார் ஒருவர் இருக்கிறார்.

நான் விழித்தேன். வசந்தாக்காவின் அலமாரியில் நந்தி மலை வரும் புத்தகம் ஒன்றும் கிடையாது. அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வீணை வாத்தியாருக்கு ஒரு கால் ஊனமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். மழை நின்ற காலையில் புல்லில் ஈரமில்லாத இடம் ஒன்று இருக்குமா என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். அக்கா கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சண்டைகளின் வெளிச்சம் வந்திருந்தது.

"நந்தி மலை இல்ல, யார்க்‌ஷயர். பூஜை ரூம் இல்ல, லைப்ரரி. வீணை இல்ல, பியானோ. மாத்தி மாத்திச் சொல்லியிருக்கான் திருடன். மேல் தட்டுல, இடது ஓரத்துல இருக்கு."

பிறகு அந்த ஓட்டலில், காப்பி ஆறிப்போக, மீதிக் கதையை அவர் சொன்னார். யார்க்‌ஷயரில் அல்ல, நந்தி மலையிலேயே வைத்துச் சொன்னார். தம்பி விட்ட இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கிருந்து பிடித்துக்கொண்டார். டாக்டர் ஏன் பொய் சொன்னார், வாத்தியார் எதைக் காதால் கேட்டார், புல் ஏன் காய்ந்திருந்தது என்று ஒன்றொன்றாக. தேன்மொழி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். பக்கத்து மேஜையில் ஒருவர் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கொன்றது, எல்லோருக்கும் தட்டில் வைத்துக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த சித்தி என்று அக்கா சொன்னார். எல்லோருடைய அறைக்கும் போய்வந்தவளை ஒருவரும் ஆளாகவே பார்க்கவில்லை.

"சித்தியா?" என்றாள் தேன்மொழி. வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவம், அவங்களுக்கு ஒரு கம்பளி வாங்கித் தரக்கூட ஆளில்லன்னு சார் சொன்னாரே."

"அதைச் சொன்னானா உங்கிட்ட?" என்றார் அக்கா. "சொன்னான் இல்ல? அப்ப துப்பை மறைக்காம சரியாத்தான் ஆடியிருக்கான்."

கிளம்பும்போது இரண்டு பேரும் போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அல்சூர் கோயிலுக்கு வருவதாகவும், அப்படியே வீட்டுக்கு வருவதாகவும் தேன்மொழி சொன்னாள். வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டார். சந்தாபுரா தாண்டியது. ஹொசூர் ரோட்டின் நெரிசலில் பஸ் ஊர்ந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் கீழே நிற்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது டாக்டர் மேல எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரல. எழுதினவன் அதைச் சரியா எழுதல. இந்தப் பொண்ணுக்கு வந்திருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "ரகு நல்லாத்தான் சொல்லியிருக்கான்" என்றார்.